44நெட் சப்நெட்டைப் புது கேட்வேக்கு மாற்றுவது எப்படி: தோட்டப் பட்டணத்து ரேடியோ கிளப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இது ஒரே ஒரு வேலையைப் பற்றியது. 44நெட் என்பது அமெச்சூர் ரேடியோவுக்கென்று ஒதுக்கிய, 44 என்று தொடங்கும் இணைய முகவரிகள். உங்கள் கிளப்பின் 44நெட் முகவரிகளில் ஒரு பகுதி இன்று ஒரு கேட்வே (இணையத்தோடு சேர்க்கும் ரவுட்டர்) வழியாக வருகிறது. நாளை அது வேறொரு கேட்வே வழியாக வர வேண்டும். இடையில் ரிப்பீட்டர் இணைப்பும், ரேடியோவில் இருப்பிடமும் குறுஞ்செய்தியும் அனுப்பும் ஏபிஆர்எஸ்ஸும் அறுபடக் கூடாது.

புதியவர்கள் தடுமாறுவது கட்டளையில் அல்ல, வரிசையில். பாக்கெட் உள்ளே வரும் வழியை முதலில் மாற்றிவிடுகிறார்கள். பதில் திரும்பிப் போகும் வழி பழைய இடத்திலேயே கிடக்கிறது. அதனால் இங்கே திரும்பும் வழியை முதலில் தயார் செய்கிறோம். போர்ட்டலில், அதாவது 44நெட் பதிவுகளை மாற்றும் இணையதளத்தில், கை வைப்பது அதன் பிறகுதான்.

எடுத்துக்காட்டுக்கு 44.128.10.0/28 என்ற 16 முகவரித் துண்டைப் பயன்படுத்துகிறோம். 44.128.0.0/16 சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்டது, வெளியே எங்கும் போகாது. 203.0.113.10, 198.51.100.20 இரண்டும் ஆவணங்களில் காட்டுவதற்கான முகவரிகள். எல்லா இடத்திலும் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. எது எங்கே இருக்கிறது

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு பட்டணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைவீதியில் மாடியில் ஒரு அறை, அங்கே ஃபைபர் லைன். அதுதான் பழைய கேட்வே, பொது முகவரி 203.0.113.10. இதைக் ‘கடை’ என்போம்.

பட்டணத்தை ஒட்டிய தாமானில் உறுப்பினர் ஒருவர் வீடு, அங்கேயும் ஃபைபர். புது கேட்வே இங்கே வருகிறது, பொது முகவரி 198.51.100.20. இது ‘வீடு’.

செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு மேடு. மேலே ரிப்பீட்டர் குடிசை, உள்ளே ஒரு ரவுட்டர். இது ‘மலை’. மலையிலிருந்து கடைக்கு ஒரு 5.8 கிகாஹெர்ட்ஸ் லிங்க் (கடைப்பக்கம் 10.10.1.1, மலைப்பக்கம் 10.10.1.2). வீட்டுக்கு இன்னொரு லிங்க் (வீட்டுப்பக்கம் 10.10.2.1, மலைப்பக்கம் 10.10.2.2).

44.128.10.0/29 கடையில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். 44.128.10.8/29 மலையில் இருக்கிறது: .9 ரவுட்டர், .10 ஏபிஆர்எஸ், .11 ஆல்ஸ்டார் (இணையம் வழி ரிப்பீட்டர் இணைப்பு), .12 வின்லிங்க் (ரேடியோ மின்னஞ்சல்), .14 காலி. மாறப்போவது இந்த மலைத் துண்டு மட்டும்.

முகவரிகள் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றை அடையும் கேட்வேதான் மாறுகிறது. ஆகவே டிஎன்எஸ் பதிவுகளைத் தொட வேண்டியதில்லை. கை அரிக்கிறதே என்று அதையும் சேர்த்து மாற்றுகிறவர்கள், பிறகு எது உடைந்தது என்று தெரியாமல் இரண்டையும் நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

2. முன்கூட்டியே வேண்டியவை

போர்ட்டலில் மலைத் துண்டு தனிப் பதிவாக இருக்க வேண்டும். /28 முழுவதும் ஒரே பதிவாக இருந்தால், பிரித்துத் தரச் சொல்லி முதலிலேயே கேளுங்கள். அதை மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தருகிறார், அவரும் தன்னார்வலர். நாள் பிடிக்கும்.

மலையில் ஓர் ஆள் வேண்டும், குறைந்தது மாற்றம் நடக்கும் அன்று. அவரிடம் மடிக்கணினி, நெட்வொர்க் கேபிள், ரவுட்டருக்குக் கன்சோல் போர்ட் இருந்தால் அதற்கான கேபிள், 2 மீட்டர் அலைவரிசைக் கைப்பெட்டி (வாக்கி டாக்கி) ஆகியவை இருக்கட்டும். செம்பனைக்கு நடுவே கைப்பேசிச் சிக்னலை நம்ப வேண்டாம். இரு பக்கமும் பேசிக்கொள்ள, ரிப்பீட்டர் இல்லாமல் நேராகப் பேசும் சிம்ப்ளெக்ஸ் அலைவரிசை ஒன்றைக் குறித்துவையுங்கள். மலை ரிப்பீட்டர் வழியாகப் பேசத் திட்டமிடாதீர்கள். குடிசையில் மின்சாரத்தைத் தவறுதலாகத் தட்டிவிட்டால் பேச்சும் போய்விடும்.

குடிசைச் சாவி தோட்ட ஆபீசில் இருந்தால், கிராணியிடம் முதல் நாளே சொல்லி வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும்.

நேரம்: காலை 9 மணிக்குத் தொடங்குங்கள். பேராக்கில் இடியும் மழையும் பிற்பகலில்தான் கூடும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னும் அதிகம். மழைக்குப் பின் செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஏறாது. வாராந்திர நெட் (ரேடியோவில் எல்லோரும் கூடிப் பேசுவது) நடக்கும் நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 44நெட்டின் மைய கேட்வே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில், அதாவது யுசிஎஸ்டியில் இருக்கிறது. நமக்கு ஞாயிறு காலை 9 என்றால் அங்கே சனி மாலை 5 அல்லது 6. அன்றைக்கு யாரும் உடனே பதில் தருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

3. இன்றைய நிலையை எழுதிவையுங்கள்

மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு மூன்று இடத்திலும் ரூட் பட்டியல், ரூல் பட்டியல், ஃபயர்வால் பட்டியல் மூன்றையும் கோப்பாகச் சேமியுங்கள். லினக்ஸில் 44-ஆம் டேபிளை (44நெட் ரூட்டுகளை வைக்கும் தனிப் பட்டியல்) தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். சாதாரணப் பட்டியலில் அது வராது.

பிறகு .9, .10, .11, .12 ஒவ்வொன்றையும் மூன்று இடத்திலிருந்து பிங் செய்து விடையைக் குறியுங்கள்: கடைக்குள்ளிருந்து, கைப்பேசி டேட்டாவிலிருந்து, வேறொரு 44நெட் கேட்வே வைத்திருக்கும் நண்பரிடமிருந்து. ஏற்கெனவே வேலை செய்யாத ஒன்று இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். மாற்றத்துக்குப் பிறகு கண்டுபிடித்தால் பழி மாற்றத்தின் மேல் விழும்.

வீடு–மலை லிங்கின் சிக்னலையும் இரண்டு நாள் கவனியுங்கள். 6 கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் முதல் ஃப்ரெனல் வளையத்தின் (அலை செல்லும் நேர்கோட்டைச் சுற்றியுள்ள வெளி) ஆரம் நடுவழியில் ஏறக்குறைய 8.8 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது 5.3 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். செம்பனை ஆண்டுக்கு அரை மீட்டர் அளவில் உயர்கிறது. டிஷ் மாட்டியபோது எட்டிப் பார்த்து “எல்லாம் தெரியுது” என்று சொன்ன லிங்க், நாலு வருடத்தில் மட்டைக்குள் புதைந்துவிடும். மழை நின்ற பிறகும் ஓலை ஈரமாக இருக்கையில் பிங் விட்டு விட்டு வந்தால் அது ரூட்டிங் கோளாறு அல்ல. ஏணியோ அரிவாளோதான் மருந்து.

4. புது லைன் தாங்குமா என்று பாருங்கள்

வீட்டு ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் வெளிமுகவரி 100.64.0.0 முதல் 100.127.255.255 வரைக்குள் இருந்தால் வேலையை நிறுத்துங்கள். அது சேவை நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முகவரி, உங்களுடையது அல்ல. ஐபிஐபி டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டின் உறைக்குள் வைத்து அனுப்புவது) அதில் உள்ளே வராது. பொது முகவரி கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வெளியே ஒரு வாடகை சர்வர் வைத்து, அதிலிருந்து வீட்டுக்கு வயர்கார்ட் டனல் இழுங்கள். கேட்வே அப்போது அந்தச் சர்வர்தான்.

அடுத்தது, ஐபிஐபி என்பது புரோட்டோகால் எண் 4. போர்ட் எண் 4 அல்ல. புதியவர்களில் பாதிப் பேர் வீட்டு ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் 4 என்று அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தப் பக்கம் டிசிபி, யுடிபி இரண்டுக்கு மட்டும்தான்.

வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்குத் தள்ளும் டிஎம்ஸெட் வசதி சில ரவுட்டர்களில் புரோட்டோகால் 4-ஐக் கடத்தும், சிலவற்றில் கடத்தாது. நம்பகமான வழி, நிறுவனம் தந்த பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டு, பிபிபிஓஇ இணைப்பை (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து லைனில் நுழைவது) உங்கள் சொந்த ரவுட்டரிலேயே ஏற்படுத்துவது.

நேட்டுக்குப் பின்னால், அதாவது பல கருவிகள் ஒரே வெளிமுகவரியைப் பகிரும் ரவுட்டருக்குப் பின்னால், அரைகுறையாக வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். நீங்கள் முதலில் பிங் செய்த கேட்வேயிலிருந்து பதில் வரும். மற்றவர்கள் உங்களைத் தேடி வந்தால் வராது. சோதித்தபோது சரியாக இருந்தது, அரை மணியில் செத்துவிட்டது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

5. வீட்டு கேட்வேயை அமைப்பது

ஒரு ராஸ்பெரி பை 4 போதும். வரிசை இப்படி.

முதலில் டனல். ஐபிஐபி டனலின் டிடிஎல் மதிப்பை (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்ற எண்) 64 என்று நிலையாக வையுங்கள். வைக்காவிட்டால் உள்ளே இருக்கும் பாக்கெட்டின் டிடிஎல் வெளி உறைக்கும் போய், ட்ரேஸ்ரூட் நடுக்கடலில் நின்றுவிடும்.

பிறகு ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. ஐபிஐபி உறை 20 பைட். சாதாரண லைனில் 1500-இலிருந்து 1480. பிபிபிஓஇ லைனில் 1492-இலிருந்து 1472. டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) அதற்கு ஏற்ப 1432-க்குக் குறையுங்கள். சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1444 பைட் பிங் அனுப்புங்கள், போக வேண்டும். 1445 போகக் கூடாது. பிங் வருகிறது, வலைப்பக்கம் பாதியில் தொங்குகிறது என்றால் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து எந்த முகவரிகள் டனலுக்குள் போக வேண்டும் என்பது. 44.0.0.0/9, 44.128.0.0/10 இரண்டு மட்டும். பழைய குறிப்புகளில் 44.0.0.0/8 என்று இருக்கும், அதை நகலெடுக்காதீர்கள். 44.192.0.0/10 பகுதி 2019-இல் அமேசானுக்கு விற்கப்பட்டுவிட்டது. /8 என்று போட்டால் அமேசான் கிளவுடில் இருக்கும் தளங்களுக்குப் போக வேண்டியதும் டனலுக்குள் விழும். ஏதோ சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்று வீட்டுக்காரர் புகார் சொல்வார், யாரும் 44நெட்டைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

ரூல் மூன்று, இதே முன்னுரிமை வரிசையில்:

முதலாவது, 44.128.10.8/29-க்குப் போவது மெயின் டேபிளைப் பார்க்கட்டும். அங்கே 10.10.2.2 வழியாக ரூட் ஒன்றும், அதே துண்டுக்கு மெட்ரிக் 1000-இல் பிளாக்ஹோல் (வேறு ரூட் இல்லாதபோது பாக்கெட்டை எறிந்துவிடும் ரூட்) ஒன்றும் போடுங்கள்.

இரண்டாவது, 44.128.10.8/29-இலிருந்து கிளம்புவது 44-ஆம் டேபிளைப் பார்க்கட்டும். அந்த டேபிளின் டிஃபால்ட் ரூட் டனல் வழியாக 169.228.34.84, அதாவது யுசிஎஸ்டி கேட்வே. வீட்டின் 192.168.50 வலைக்கும் அதே டேபிளில் ஒரு ரூட் போடுங்கள், இல்லாவிட்டால் மலையிலிருந்து அந்த வலைக்கு வரும் பதிலும் யுசிஎஸ்டிக்குப் போய்விடும். 44 முகவரியோடு நேரே ஃபைபரில் போனால் சேவை நிறுவனம் அதைத் தன் முகவரி இல்லை என்று எறிந்துவிடும்.

மூன்றாவது, மேலே சொன்ன இரண்டு பெரிய துண்டுகளுக்குப் போவதும் 44-ஆம் டேபிளைப் பார்க்கட்டும்.

அந்த பிளாக்ஹோலை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் நடப்பது இது. மலை லிங்க் அறுந்து ரூட் மறைகிறது. மலைக்கு வந்த பாக்கெட்டுக்கு மெயின் டேபிளில் ஃபைபரின் டிஃபால்ட்தான் மிஞ்சும், பாக்கெட் அங்கே போய்த் தொலையும். முதல் ரூலையும் போடாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். பாக்கெட் 44-ஆம் டேபிளின் டிஃபால்ட்டைப் பிடித்து யுசிஎஸ்டிக்குப் போகும். யுசிஎஸ்டி, இது உன் துண்டு என்று திருப்பி அனுப்பும். டிடிஎல் தீரும்வரை பசிபிக் கடலைக் குறுக்கும் நெடுக்குமாகத் தாண்டிக்கொண்டே இருக்கும்.

மாஸ்கரேட் ரூலில் (வெளியே போகும் பாக்கெட்டின் மூல முகவரியை ரவுட்டரின் முகவரியாக மாற்றுவது) மூல முகவரி 192.168 வலைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். இல்லாவிட்டால் 44 முகவரிகளும் முகமூடி போட்டுக்கொண்டு போகும்.

ஆர்பி-ஃபில்டர் (திரும்பும் வழி பொருந்தாத பாக்கெட்டை எறியும் லினக்ஸ் அமைப்பு): டனலிலும் மலை லிங்கிலும் 2 என்று வையுங்கள். லினக்ஸ் ‘ஆல்’ என்ற பொது மதிப்பையும் இடைமுகத்தின் மதிப்பையும் ஒப்பிட்டுப் பெரியதை எடுக்கிறது. இடைமுகத்தில் 0 வைத்துவிட்டு ‘ஆல்’ 1-ஆக இருந்தால் 1-தான் நடக்கும். 0 வைத்தேனே என்று சத்தியம் செய்து பயனில்லை.

கடைசியாக ஏஎம்பிஆர்-ரிப்டி, 44-ஆம் டேபிளை நிரப்பும் நிரல். யுசிஎஸ்டி 5 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா கேட்வேக்களின் பட்டியலையும் ரிப் செய்தியாக டனல் வழியே அனுப்புகிறது, யுடிபி 520. ஃபயர்வாலில் இரண்டு இடத்தில் திறக்க வேண்டும்: வெளியே புரோட்டோகால் 4, டனலுக்குள் யுடிபி 520. ஒன்றை மட்டும் திறந்துவிட்டு வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பது வழக்கமான காட்சி.

6. ஒற்றை முகவரியில் ஒத்திகை

.14 காலியாக இருக்கிறது அல்லவா? போர்ட்டலில் 44.128.10.14/32-ஐ மட்டும் வீட்டு கேட்வேயின் கீழ் பதிந்து, வீட்டு ரவுட்டரின் லூப்பேக்கில் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் இடைமுகம்) அந்த முகவரியை வையுங்கள். நீளமான ப்ரிஃபிக்ஸ் (அதாவது சிறிய துண்டு) ஜெயிக்கும் என்பதால் /32 மட்டும் வீட்டுக்கு வரும், மற்றவை கடைக்கே போகும். யாருக்கும் பாதிப்பில்லை.

பதிந்ததும் வந்துவிடாது. ஒரு மணி நேரமாவது விடுங்கள். வீட்டு ரவுட்டரின் பிபிபி இடைமுகத்தில் டிசிபிடம்ப் (போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் நிரல்) போட்டு புரோட்டோகால் 4 பாக்கெட் வருகிறதா என்று பாருங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை 169.228.34.84-இலிருந்து கொத்தாக வந்தால் லைன் சரி. பாக்கெட் வந்தும் 44-ஆம் டேபிள் நிரம்பவில்லை என்றால் உள் ஃபயர்வால். பாக்கெட்டே வரவில்லை என்றால் 4-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

பிறகு 44நெட் நண்பரை .14-க்குப் பிங் செய்யச் சொல்லுங்கள். கைப்பேசி டேட்டாவிலிருந்து பிங் வர வேண்டுமென்றால் .14-க்கு 44நெட்டின் ஏஎம்பிஆர் டாட் ஆர்க் டிஎன்எஸ்ஸில் பெயர் பதிந்திருக்க வேண்டும், பெயரில்லாத முகவரியை யுசிஎஸ்டி வெளி இணையத்தோடு சேர்க்காது. மலையிலிருந்து .14-ஐப் பிங் செய்தால் போகாது. மலை ரவுட்டர் அதைத் தன் /29-க்குள் தேடும். பதற வேண்டாம்.

இந்த ஒத்திகை இன்னொரு வகையிலும் உதவுகிறது. வீட்டு முகவரி இப்போதே எல்லோருடைய பட்டியலிலும் ஏறிவிடுகிறது. பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வரும் ஐபிஐபியைப் பல கேட்வேக்கள் ஃபயர்வாலிலேயே தடுக்கின்றன. மாற்றத்தன்று அந்தத் தொல்லை இருக்காது. ஒத்திகையை ஒரு வாரம் ஓடவிடுங்கள்.

7. மலை ரவுட்டர்: வந்த வழியே திரும்பட்டும்

மாற்றம் நடக்கும் நாள்களில் பாக்கெட் கடை வழியாகவும் வரலாம், வீடு வழியாகவும் வரலாம். மலையின் டிஃபால்ட் இன்னும் கடைப்பக்கம். வீடு வழியாக வந்ததற்குப் பதில் கடை வழியாகப் போனால், கடையின் ஃபயர்வால் தான் பார்க்காத இணைப்பின் பதில் இது என்று எறியும். ஒருவழிப் பிங்கும் ஒருபக்கம் மட்டும் கேட்கும் ஆல்ஸ்டாரும் இப்படித்தான் பிறக்கின்றன.

ஆகவே இணைப்புக்குக் குறி போடுங்கள். கடை லிங்கில் புதிதாக வரும் இணைப்புக்குக் குறி 1, வீட்டு லிங்கில் வருவதற்குக் குறி 2. லேன் பக்கமிருந்தோ ரவுட்டரிலிருந்தே (.9) திரும்பும் பாக்கெட்டின் இணைப்புக் குறி 1 என்றால் டேபிள் 101, அதன் டிஃபால்ட் 10.10.1.1. குறி 2 என்றால் டேபிள் 102, அதன் டிஃபால்ட் 10.10.2.1. குறியில்லாமல் மலையிலிருந்தே கிளம்பும் இணைப்பு இப்போதைக்கு வழக்கம்போல் கடைக்கே போகட்டும்.

மைக்ரோடிக் என்றால் இரண்டு இடத்தில் விழுவார்கள். 7-ஆம் பதிப்பில் டேபிளை முதலில் எஃப்ஐபி குறியோடு உருவாக்கிவிட்டுத்தான் ரூட் போட முடியும். பாக்கெட்டுகளை வேகமாகக் கடத்தும் ஃபாஸ்ட்ட்ராக் ரூல் இயங்கிக்கொண்டிருந்தால், முதல் சில பாக்கெட்டுக்குப் பிறகு குறி போடும் மேங்கிள் பட்டியலையே தாண்டிப் போய்விடும். பிங் வரும், ஃபைல் இறங்காது. மலை ரவுட்டரில் ஃபாஸ்ட்ட்ராக்கை அணைத்துவிடுங்கள், அங்கே ஓடும் போக்குவரத்துக்கு அது தேவையும் இல்லை.

தொலைவிலிருந்து செய்தால் சேஃப் மோட் கட்டாயம். கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் தொடங்கும், இணைப்பு அறுந்தால் செய்ததெல்லாம் தானே பழைய நிலைக்குப் போய்விடும். முடிந்ததும் மறுபடி கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி வெளியே வாருங்கள். அதை மறந்து மடிக்கணினியை மூடினால், சரியாகச் செய்த வேலையும் சேர்ந்து அழிந்துவிடும். லினக்ஸில் சேஃப் மோட் இல்லை. 10 நிமிடத்தில் ரீபூட் என்று முன்னதாக ஆணையிட்டுவிட்டுக் கட்டளைகளை அடியுங்கள். எல்லாம் சரி என்றால் ஆணையை ரத்து செய்யுங்கள். சரிபார்க்கும் முன் எதையும் கோப்பில் எழுதாதீர்கள். எழுதினால் ரீபூட்டும் காப்பாற்றாது.

குறி வேலை செய்கிறதா என்று போர்ட்டலைத் தொடாமலேயே சோதிக்கலாம். வீட்டில் 192.168.50 வலையில் இருக்கும் கணினியிலிருந்து 44.128.10.10-ஐப் பிங் செய்யுங்கள். மலை லிங்கில் மாஸ்கரேட் இருக்கக் கூடாது. மலை ரவுட்டருக்கு 192.168.50 எங்கே என்று தெரியாது. குறி இல்லையென்றால் பதில் கடைக்குப் போய்ச் சாகும். பதில் வந்தால் குறிதான் அழைத்து வந்திருக்கிறது. ‘உதவியாக இருக்கட்டும்’ என்று மலையில் 192.168.50-க்கு ரூட் போட்டுவிடாதீர்கள், சோதனையே பொய்யாகிவிடும்.

8. மாற்றத்தன்று: போர்ட்டல்

கைப்பெட்டியில் மலையை அழைத்து ஒவ்வொன்றாக உறுதி செய்யுங்கள். கேள்வியை எண்ணில் கேளுங்கள்.

“தம்பி, எல்லாம் ஓகேயா?” என்றால் “ஓகேண்ணே” என்றுதான் பதில் வரும். “தம்பி, டேபிள் 102 டிஃபால்ட் என்ன எண் காட்டுது?” என்று கேட்டால் “10.10.2.1 அண்ணே” என்று வரும், அல்லது வேறு எண் வந்து உங்களைக் காப்பாற்றும்.

இப்போது போர்ட்டலில் 44.128.10.8/29-ஐக் கடை கேட்வேயிலிருந்து எடுத்து வீட்டு கேட்வேயில் சேருங்கள். .14/32 அப்படியே இருக்கட்டும். கடை ரவுட்டரில் எதையும் தொடாதீர்கள்.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். இந்த இடத்தில்தான் பொறுமை போய்விடுகிறது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு வரவில்லை என்று திருப்பிப் போடுவார்கள், இன்னொரு பத்து நிமிடத்தில் மறுபடி மாற்றுவார்கள். முதல் மாற்றம் பரவும்போது இரண்டாவது துரத்தும். எந்த நேரத்தில் யாரிடம் எந்தப் பட்டியல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பரவிவிட்டதா என்று சொல்லக் கடையைவிட நல்ல சாட்சி இல்லை. கடையும் ஒரு கேட்வேதான், எல்லோருக்கும் போகும் அதே ரிப் செய்தி அதற்கும் வருகிறது. கடையின் 44-ஆம் டேபிளில் 44.128.10.8/29 என்ற வரி 198.51.100.20 என்ற எண்ணோடு தோன்றும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடை இனி மலைக்குப் போவதை லிங்க் வழியாக அனுப்புமா, டனல் வழியாக வீட்டைச் சுற்றி அனுப்புமா என்பது அதன் ரூல் வரிசையைப் பொறுத்தது. மலைத் துண்டுக்கு மெயின் டேபிள் முதலில் என்று கடையிலும் ஒரு ரூல் முன்கூட்டியே இருக்கட்டும். சில கேட்வேக்காரர்கள் ரிப் கேட்காமல் பட்டியலைக் கோப்பாக எப்போதாவது இறக்கிப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் அனுப்புவது சில நாள் கடைக்கே வந்துகொண்டிருக்கும், கடை அதை மலைக்குச் சேர்த்தாக வேண்டும்.

9. சரிபார்ப்பதும் கடைசி அடியும்

கடைக்குள்ளிருந்து பிங் வந்தது என்பது எதையும் காட்டாது, அது லிங்க் வழியாகப் போயிருக்கும். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவிலிருந்து .10-ஐப் பிங் செய்யுங்கள். அதே நேரத்தில் வீட்டு ரவுட்டரில் டிசிபிடம்ப் ஓடட்டும். உள்ளே போகும் பாக்கெட், வெளியே வரும் பதில் இரண்டும் அங்கே தெரிய வேண்டும். போவது மட்டும் தெரிந்தால் மலையில் குறி வேலை செய்யவில்லை.

பிறகு 3-ஆம் பகுதியில் எழுதிய தாளை எடுத்து அதே பிங்குகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஆல்ஸ்டாரில் இரு பக்கமும் பேசிப் பாருங்கள், அது யுடிபி 4569-இல் ஓடுகிறது.

இவ்வளவும் சரியான பிறகுதான் மலையின் டிஃபால்ட்டை 10.10.1.1-இலிருந்து 10.10.2.1-க்கு மாற்ற வேண்டும். போர்ட்டலுக்கு முன்பே இதை மாற்றினால், மலையிலிருந்து கிளம்பும் கேள்வி வீட்டு வழியாகப் போய், பதில் கடை வழியாக வரும். வீட்டுக்கு லேன் வலையில் நேட் தவிர வேறு ஃபயர்வால் இல்லை, பரவாயில்லை என்று சிலர் வாதிடுவார்கள். ஒரு நாள் ஃபயர்வாலை இறுக்கும்போது உடையும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

பகல் 12 மணிக்குள் சரியாகவில்லை என்றால் பின்வாங்குங்கள். பின்வாங்கும் வரிசை தலைகீழ்: முதலில் மலையின் டிஃபால்ட் கடைக்கு, பிறகு போர்ட்டல், பிறகு காத்திருப்பு. மலையில் போட்ட குறிகளை எடுக்க வேண்டாம். அவை பழைய நிலையிலும் தொல்லை தராது, அடுத்த முயற்சிக்கு இருக்கட்டும்.

10. ஆள் மலையில் இருக்கும்போதே ரீபூட்

லினக்ஸில் அடித்த கட்டளைகள் மின்சாரம் போனால் மறைந்துவிடும். இப்போது கோப்பில் எழுதுங்கள், எழுதியதும் வீட்டையும் மலையையும் வேண்டுமென்றே ரீபூட் செய்யுங்கள். இடி இடித்து ட்ரிப் ஆகி மின்சாரம் திரும்பும்போது நடக்கப்போவது இதுதான். அதை வெயிலில், சாவி கையில் இருக்கும்போது பார்த்துவிடுவது மேல்.

அதிகம் தவறுவது தொடங்கும் வரிசை. பிபிபிஓஇ இணைப்பு எழும் முன்பே ஏஎம்பிஆர்-ரிப்டி தொடங்கி, டனல் இல்லாமல் நின்றுவிடும். டனல் எழுந்த பிறகே அது தொடங்கும்படி சிஸ்டம்டியில் சார்பு எழுதுங்கள். ரீபூட்டுக்குப் பிறகு 44-ஆம் டேபிள் நிரம்ப ஒரு ரிப் சுற்று, அதாவது 5 நிமிடம் ஆகும். பெற்ற பட்டியலைச் சேமித்துவைக்கும் விருப்பத்தை இயக்கினால் அந்தக் காத்திருப்பும் இல்லை.

வயர்கார்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைபர் பக்கத்தில் தாராளமாக வையுங்கள். ஹாம் அனுமதியில் ஓடும் ரேடியோ லிங்குக்குள் வைக்காதீர்கள். அமெச்சூர் அலைவரிசையில் பொருளை மறைக்கும் குறியாக்கம் கூடாது.

11. பழையதை எடுப்பது

இரண்டு வாரம் விடுங்கள். கடையின் டனல் இடைமுகத்தில் 44.128.10.8/29-க்கு வரும் பாக்கெட்டுகளை எண்ண ஒரு ஃபயர்வால் ரூல் போட்டு, அதன் எண்ணிக்கையை நாளுக்கு ஒருமுறை பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஏறாமல் இருந்தால் கடையிலிருந்து மலைத் துண்டின் சிறப்பு ரூலை எடுக்கலாம்.

போர்ட்டலில் .14/32 பதிவை இப்போது நீக்குங்கள், வீட்டு லூப்பேக்கிலிருந்தும் முகவரியை எடுங்கள். இரண்டாவதை மறந்தால், ஆறு மாதம் கழித்து மலையில் யாராவது .14-ஐப் புதுக் கருவிக்குக் கொடுப்பார்கள். மலைக்குள்ளிருந்து அது பிங் ஆகும், வெளியே இருந்து பிங் செய்தால் வீட்டு ரவுட்டர் பதில் சொல்லும்.

கடை–மலை லிங்கைக் கழற்ற வேண்டாம். 10.10.1.1-க்கு மெட்ரிக் கூடிய இரண்டாவது டிஃபால்ட்டாக மலையில் விட்டுவையுங்கள். வீட்டு லைன் போனாலும் கடையிலிருந்து மலை ரவுட்டருக்குள் நுழைய அது ஒன்றுதான் வாசல். குடிசைச் சுவரில் புது வரைபடத்தை ஒட்டி, தேதியை எழுதி, பழையதைக் கிழித்துவிட்டு, சாவியைத் திங்கட்கிழமை ஆபீசில் ஒப்படையுங்கள்.